ஒன்பது வருடப் புருவச் சுளிப்பு

முடிவெட்டுகிறவர் சொன்னார் என்று கண்ணாடிக்காரரிடம் அவர் மனைவியின் தம்பி வந்து சொன்னான். முடிவெட்டுகிறவருக்குச் சொன்னது சதுரங்கக் கழகத்தின் பொருளாளர். பொருளாளருக்கு யார் சொன்னார்கள் என்பது அவருக்கே நினைவில்லை. விஷயம் இதுதான்: இந்த வருடப் போட்டியில் சத்தம் போடும் கேமராவை அரங்குக்குள் விடமாட்டார்களாம். போன வருடம் இறுதி ஆட்டத்தில், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் "டொக்" என்று ஒரு சத்தம் கேட்டதாம். அந்த அதிர்ச்சியில் ஒருத்தர் ராணியைக் கொண்டுபோய் எதிரியின் வாயில் வைத்துவிட்டாராம்.

யாருடைய கேமரா என்று செய்தியில் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒன்பது வருடமாக அந்த அரங்கில் இருப்பது ஒரே கேமராதான். அது கண்ணாடிக்காரருடையது.

கண்ணாடிக்காரர் என்றதும் கடையே அவருடையது என்று நினைத்துவிட வேண்டாம். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், விளக்கை அணைத்துவிட்டு, வருகிறவர்களின் கண்முன் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து "ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா?" என்று கேட்பது அவர் வேலை. ஒரு நாளைக்கு முப்பது பேர். தூக்கத்தில் மனைவி எழுப்பினால்கூட அவர் அதைத்தான் கேட்பார் என்று வீட்டில் பேச்சு.

"காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. மட்டமா ஆடித் தோத்துட்டு என் கேமரா மேல பழி போடறாங்க" என்றார் மைத்துனனிடம்.

"இருக்கலாம் அத்தான். ஆனா உங்க கேமரா சத்தம் எனக்கே மேல் மாடி வரைக்கும் கேட்கும்."

அதில் பொய் இல்லை. அவருடையது பதினொரு வருடப் பழைய டி.எஸ்.எல்.ஆர். உள்ளே ஒரு சின்ன முகக்கண்ணாடி சாய்வாக நிற்கும். ஒவ்வொரு படத்துக்கும் அது எகிறி எழுந்து திரும்ப விழ வேண்டும். புதிதாக வாங்கியபோது அது "க்ளிக்" என்றது. வயதாக ஆக "டொக்" என்று ஆகிவிட்டது. வீட்டில் அதற்குக் கோடாலி என்று பெயர்.

அன்று சாயங்காலமே நடுவர் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். அரங்கில் பேசிப் பழகிய கிசுகிசுக் குரல்தான் அவருக்கு எங்கும்.

"சார், இந்த வருஷம் சத்தமில்லாத கேமரா இருந்தாத்தான் உள்ள விட முடியும். மேல இருந்து எழுதியே அனுப்பிட்டாங்க. வியாழக்கிழமை ஏழு மணிக்குள்ள உங்களால முடியுமான்னு சொல்லுங்க. இல்லன்னா நான் வேற ஆள் பார்க்கணும்."

போனை வைத்த பிறகும் கண்ணாடிக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார். போட்டி நடப்பது வருடத்தில் ஐந்தே நாள். சம்பளம் என்று ஒன்றும் கிடையாது. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டையும் மத்தியானச் சாப்பாடும்தான். ஆனால் இந்த ஊருக்குக் குடிவந்து பதினெட்டு வருடமாகியும், பேருந்தில் இடம் பிடிக்கும்போதுகூட விருந்தாளியைப் போல ஒதுங்கி நிற்கிற மனிதர் அவர். யாராவது "எந்த ஊர் நீங்க?" என்று கேட்டால், இருக்கிற ஊரைச் சொல்வதா வந்த ஊரைச் சொல்வதா என்று யோசிப்பதற்குள் கேட்டவர் இறங்கிப் போயிருப்பார். அந்த ஐந்து நாள் மட்டும் அவர் நடந்து வந்தால் ஆட்கள் நாற்காலியை இழுத்து வழிவிடுவார்கள். கழகத்தின் நடைபாதையில் அவர் எடுத்த ஒன்பது படங்கள் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. அது போய்விட்டால் ஊரில் அவருக்கென்று மிச்சம் இருப்பது வீட்டுக் கதவும் அதன் எண்ணும்தான்.

மைத்துனனிடம் ஒரு மிரர்லெஸ் இருந்தது. கண்ணாடி இல்லாதது, சின்னது, அந்த ரகத்திலேயே விலை குறைந்தது. சுற்றுலா போவதற்காக வாங்கி, பதினொரு படம் எடுத்து, மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டான். "நீங்களே வெச்சுக்குங்க அத்தான்" என்று கொடுத்துவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை சமையலறையில் தராசு தூக்கினார் கண்ணாடிக்காரர். துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த மனைவியைப் பழசில் பத்துப் படம், புதுசில் பத்துப் படம் எடுத்தார். நோட்டில் நடுவே கோடு கிழித்து இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டு வந்தார். பழசு கையில் பிடிக்கச் செங்கல் மாதிரி, ஆனால் நம்பிக்கையான செங்கல். புதுசில் சுண்டுவிரலுக்கு இடமில்லை. பழசு ஒருமுறை மின்னேற்றினால் எண்ணூறு படம் தாங்கும். புதுசு முந்நூறில் மூச்சு வாங்கும். இருக்கிற மூன்று லென்ஸும் புதுசில் பொருந்தாது, நடுவில் ஒரு வளையம் வேண்டும். கடைசியாக அந்தப் பெரிய குற்றம்: பழசில் கண் வைத்தால் லென்ஸ் வழியாக நேரே உலகம் தெரியும். புதுசில் கண் வைத்தால் ஒரு குட்டித் தொலைக்காட்சி. அதிலும் எல்லாம் ஆவி பிடித்த ஜன்னல் மாதிரி மங்கல்.

"இப்படி மங்கலாத் தெரிஞ்சா எப்படிப் படம் எடுக்கிறது? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்" என்றார்.

மனைவி சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டாள். "சத்தம் வருதா அதுல?"

"இல்ல. சத்தம் சுத்தமா இல்ல."

"அவங்க கேட்டது அது ஒண்ணுதானே?"

"நீ புரியாம பேசாத. இது தொழில்நுட்பம்."

"சரிங்க. பதினொரு வருஷமா தோள்ல தூக்கிட்டுத் திரியறதை விட்டுட மனசு வரலைன்னு சொல்லிட்டுப் போங்களேன். அதுக்கு எதுக்கு நோட்டு?"

அங்கே வாயை மூடியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். நாற்பத்திரண்டு பேர் உள்ள கழகத்தின் செய்திக் குழுவில், ஒன்பது பத்தியில், "மிரர்லெஸ் ஏன் அரங்குக்கு ஆகாது" என்று தலைப்பே போட்டு எழுதி அனுப்பினார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் படித்து, நான்காம் பத்தி கொஞ்சம் கடுமையோ, ஏழாம் பத்தி கொஞ்சம் பணிவோ என்று கவலைப்பட்டார். கடைசி வரி இது: "மூன்று லட்சம் கண்களைச் சோதித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதன் வழியாகப் பார்க்க முடியாது."

நடுவர் அம்மாவிடமிருந்து மூன்றே சொல்லில் பதில் வந்தது. "சரி. புரிந்தது. நன்றி."

அந்த மூன்று சொல்லையும் அவர் இரவு முழுக்கப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "சரி"யில் குற்றமில்லை. "புரிந்தது" பரவாயில்லை. அந்த "நன்றி"தான் கதவைச் சாத்துவது போல இருந்தது.

மறுநாள் இரண்டு கேமராவையும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஆதரவுக்கு ஓர் ஆளாவது வேண்டியிருந்தது. முன்மேஜையில் இருக்கும் பெண் வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் பழசை வாங்கிக் கண்ணில் வைத்தாள். பிறகு புதுசை. பிறகு மறுபடி பழசை.

"அண்ணா, புதுசு பளிச்சுன்னு இருக்கு. பழசுலதான் ஒண்ணும் தெரியல."

"மாத்திச் சொல்ற."

"இல்லண்ணா. எதிர் கடைப் பலகை இதுல படிக்க முடியுது. அதுல பலகை இருக்கான்னே தெரியல."

கண்ணாடிக்காரர் அவளை உற்றுப் பார்த்தார். இருபத்தெட்டு வயதில் பாவம், பார்வை போய்விட்டது. சொல்லப் பயந்து மறைக்கிறாள் போலிருக்கிறது. "உள்ள வாம்மா, பயப்படாத, ஒண்ணும் ஆகாது" என்று பின்னறைக்கு அழைத்துப்போய் நாற்காலியில் உட்கார வைத்து விளக்கை அணைத்தார்.

அவள் மேல் வரியிலிருந்து கீழ் வரி வரைக்கும் நிறுத்தாமல் படித்தாள். கடைசி வரியும் முடிந்த பிறகு, அட்டையின் ஓரத்தில் எறும்பு ஊர்ந்தது போல அச்சிட்டிருந்த அச்சகத்தின் முகவரியையும் படித்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"இப்ப நீங்க உட்காருங்கண்ணா."

"எனக்கு எதுக்கு?"

"சும்மா உட்காருங்க. வாடிக்கையாளர் யாரும் இல்ல."

பதினெட்டு வருடமாக அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றவர் முதல் தடவையாக அதில் உட்கார்ந்தார். அவர் லட்சக்கணக்கான தடவை சொன்னதை அவள் கதவுக்கு வெளியிலிருந்தே கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள். இழுவையைக்கூட விடவில்லை. "ஒண்ணு தெளிவா இருக்கா... ரெண்டு தெளிவா இருக்கா?"

ரெண்டு தெளிவாக இருந்தது. வருத்தம் தருகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது. இரண்டு கண்ணுக்கும் பிளஸ் ஒன்றே முக்கால்.

எந்தக் கேமராவிலும் கண் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் பட்டாணி அளவில் ஒரு சக்கரம் இருக்கும். பார்க்கிறவரின் பவருக்குத் தக்கபடி அதைத் திருப்பிக்கொள்ளலாம். பழைய கேமராவில் அது கடைசி முனைக்குப் போய் நின்றிருந்தது. ஒவ்வொரு வருடமும் "பையில உரசித் திரும்பிடுச்சு" என்று சொல்லிக்கொண்டு ஒரு பல், ஒரு பல்லாகத் திருப்பியவர் அவரே. ஊர்க்காரர் கண்ணுக்கெல்லாம் கணக்கு வைத்தவர், தன் கண்ணின் கணக்கை மட்டும் பையின் மேல் எழுதிவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் அதை ஒன்பது பத்தியில் எழுதி நாற்பத்திரண்டு பேருக்கு அனுப்பியிருந்தார்.

புதுசின் சக்கரத்தை அவள் நகத்தால் திருப்பினாள். "இப்பப் பாருங்க."

பார்த்தார். எதிர் கடைப் பலகையில் எழுத்துப்பிழை ஒன்று தெரிந்தது.

"யார்கிட்டயும் சொல்லாதம்மா" என்றார்.

"நான் சொல்லல. நீங்க ஒரு கண்ணாடி போட்டா தானாத் தெரியும். நம்ம கடையிலயே எடுங்க, தள்ளுபடி உண்டு."

வியாழக்கிழமை சாயங்காலம் கழகத்தில் பயிற்சி ஆட்டம். ஐந்தரைக்கே அங்கே போய்விட்டார் கண்ணாடிக்காரர், மூக்கில் கடையின் மாதிரிக் கண்ணாடியோடு. நடுவர் அம்மா வியாழனில் வருவதில்லை. ஒருவகையில் நல்லதுதான், முதலில் புதுசைக் கையில் பழக்கிக்கொண்டு, ஏழு மணிக்குள் கூப்பிட்டு, எழுதியது தவறு, என்னால் முடியும் என்று சொல்லிவிடலாம். கவலைப்படுகிறவர்களின் திட்டம் எப்போதும் ஒழுங்காகத்தான் இருக்கும்.

ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் ஜன்னலோரப் பலகையில் ஆடிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்காரரின் புகழே பாதி இவர் முகத்தில்தான் இருக்கிறது. நடைபாதையில் நடுவில் தொங்கும் படம் இவருடையது: இரண்டு புருவமும் முட்டிக்கொண்டு, நெற்றியில் மூன்று கோடு விழுந்து, கண் மேலே நிமிர்ந்து. கீழே "சிந்தனை" என்று எழுதி ஒட்டியிருக்கும். ஒரு புகைப்படப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கிய படம். ஆட்டக்காரனின் மனத்துக்குள் இறங்குவதுதான் தன் பாணி என்று கண்ணாடிக்காரர் இரண்டு கூட்டத்தில் பேசியும் இருக்கிறார்.

புதுசைச் சத்தமில்லாத நிலையில் வைத்து எடுத்தார். முதல் நாலு படமும் வரிக்குதிரை மாதிரி கோடு கோடாக வந்தன; குழல்விளக்கின் துடிப்பு. ஷட்டர் வேகத்தைக் குறைத்ததும் கோடு மறைந்தது. நாற்பது படம் எடுத்துவிட்டுப் பார்த்தார். ஓட்டுநரின் முகம் குழந்தை தூங்குவது போல இருந்தது. புருவம் இல்லை, கோடு இல்லை. ஏதோ நினைவில் லேசாகச் சிரித்துக்கொண்டுகூட இருந்தார். இதில் எங்கே சிந்தனை?

சந்தேகம் வந்து, பழசை எடுத்து ஒரே ஒரு படம். டொக்.

ஓட்டுநர் நிமிர்ந்தார். இரண்டு புருவமும் முட்டின. நெற்றியில் மூன்று கோடு விழுந்தது.

கண்ணாடிக்காரர் கேமராவை மெல்லக் கீழே இறக்கினார். ஆட்டம் முடியும் வரை சுவரோரமாக நின்றார். முடிந்ததும் ஓட்டுநரிடம் போய் இரண்டு படத்தையும் காட்டினார்.

"அண்ணா, யோசிக்கும்போது உங்க முகம் எது? இதா, அதுவா?"

ஓட்டுநர் பார்த்தார். "இது நான் யோசிக்கிறது. அது நான் உன்னை மனசுக்குள்ள திட்டறது."

"ஒன்பது வருஷமாவா?"

"ஒன்பது வருஷத்துல நாலு குதிரை போயிருக்கு தம்பி உன் சத்தத்துல. நான் மட்டுமா? நடைபாதையில மாட்டியிருக்கியே, ஒம்போது பேரும் உன்னைத்தான் பார்த்துட்டு இருக்கோம்."

"யாரும் சொல்லவே இல்லையே."

"உங்கிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா அன்னைக்கிலிருந்து வாசப்படி மிதிக்க மாட்ட. வருஷா வருஷம் புகார் எழுதித்தான் கொடுப்போம். நடுவரம்மா வாங்கி மேஜைக்குள்ள போட்டுக்குவாங்க. 'நல்ல மனுஷன், இருக்கட்டும்'பாங்க. இந்தத் தடவை மேலிடத்துல இருந்தே வந்துடுச்சு, அவங்களால முடியல." ஓட்டுநர் காய்களைப் பெட்டியில் போட்டார். "அதான் உன்னை எப்படியாவது புதுசுக்கு மாத்திடலாம்னு பார்த்தாங்க. நீ என்னடான்னா ஒம்போது பத்தி எழுதிட்ட. நான் மூணு பத்திதான் படிச்சேன்."

"வேற ஆள் சொல்லிட்டாங்களா?"

"தெரியல. நேத்து யாரோ ஒருத்தனோட நம்பர் கேட்டாங்க. கொடுத்தேன்."

ஆறு ஐம்பது. கண்ணாடிக்காரர் மாடிப்படிக்கு வந்து, மேல்சட்டை மாட்டும் கொக்கிகளுக்குப் பக்கத்தில் நின்று நடுவர் அம்மாவைக் கூப்பிட்டார். முதலில் எதைச் சொல்வது என்று தெரியவில்லை. என்னால் முடியும் என்று தொடங்கினால் சுயநலம். எழுதியது தப்பு என்று தொடங்கினால் ஏன் என்று கேட்பார். கண்ணைச் சொல்ல வேண்டிவரும். ஒன்பது வருடப் புகாரையும் மேஜைக்குள் போட்டு வைத்ததற்கு நன்றி சொன்னால் ஓட்டுநரைக் காட்டிக்கொடுத்ததாகும். கடைசியில், எதுவும் யோசிக்காமல் "அம்மா, நான்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் பேசட்டும் என்று காத்திருப்பது என்று முடிவுசெய்தார்.

மணி அடித்தது. நான்கு தடவை. ஐந்து தடவை. எடுக்கவில்லை. வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டார்.

ஓட்டுநர் மேல்சட்டையை எடுக்க வந்தவர் கண்ணாலேயே கேட்டார். கண்ணாடிக்காரர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"விடாத, அடி" என்றார் ஓட்டுநர், ஒரு கையை மேல்சட்டைக்குள் நுழைத்தபடி. "இந்நேரம் காரை ஓட்டிட்டு இருப்பாங்க."

ஆறு ஐம்பத்தாறு. அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது.