ஓட்டை அடைத்த சப்பாத்து

சிவகௌரி அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. நோபல் பார்க் ஸ்டேஷன் அருகே எங்கள் ஆல்ட்ரேஷன் கடைக்கு ஜிப் மாற்ற வந்தவரின் கோட்டில் பொத்தான் ஆடினால், கேட்காமலே அதையும் தைத்துவிடுவார். "வேலியில போற ஓணானை ஏன்க்கா பிடிக்கிறீங்க?" என்று எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். "கிழிஞ்சதைக் கண்டா எனக்குப் பொறுக்காது கலா" என்பார். அவ்வளவுதான் பதில்.

வன்னியிலிருந்து இந்த நாட்டுக்கு வந்தவர். இரண்டாயிரத்து ஒன்பதில், கடைசிச் சண்டையில், எட்டு மாத மகனை இழந்தவர். அதை அவர் சொல்லவில்லை, அவருடைய கணவர்தான் ஒருமுறை என்னிடம் சொன்னார். தெருவில் எந்தப் பிள்ளை அழுதாலும் அக்கா மெஷினை நிறுத்திக் காது கொடுப்பார். யாரும் அழாதபோதும் சில நாள் நிறுத்துவார். வாசலையே பார்ப்பார். அப்போது நானும் திரும்பிப் பார்ப்பேன், யாரும் இருக்கமாட்டார்கள்.

ஏப்ரலில் கிளேர் என்ற நர்ஸ் நிறைமாத வயிற்றோடு கடைக்கு வந்தாள். கனடாவில் ஒட்டாவா ஆற்றுப் பக்கத்து அல்கோன்கின் பழங்குடிப் பெண். பிறக்கப்போகும் பிள்ளைக்கு அவளுடைய அம்மா ஒரு ஜோடி மான்தோல் காலணி தைத்து அனுப்பியிருந்தார். மேலே பாசிமணியால் பூவேலை. சில மணிகள் உதிர்ந்திருந்தன, அதை மட்டும் சரிசெய்யச் சொன்னாள்.

இரண்டு காலணியிலும் அடித்தோலில் பட்டாணி அளவுக்கு ஓட்டை இருந்தது. அக்கா விடுவாரா? தோல் துண்டு வெட்டி, உள்ளே வைத்து, தையலே தெரியாமல் அடைத்துவிட்டார். "புதுசு மாதிரி இருக்குக்கா" என்று நானும் மெச்சினேன். கிளேரின் கணவர் வந்து வாங்கிப் போனார்.

ஆறு வாரம் கழித்து கிளேர் வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. பிள்ளை மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், இன்று ஐந்தாம் நாள் என்றாள். காலணிகளை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"இந்த ஓட்டையை அம்மா வேண்டுமென்றே வைத்தார்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "எங்கள் குடும்பத்தில் அப்படித்தான். இறந்துபோனவர்கள் பிள்ளையைக் கூட்டிப்போக வருவார்கள். என் காலணி ஓட்டை, அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்று பிள்ளை சொல்லிவிடும். அடைத்திருப்பதை நேற்றுத்தான் பார்த்தேன். பிறந்ததிலிருந்து இதைத்தான் போட்டிருந்தாள்."

மூச்சுத்திணறலுக்கும் தையலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எரிச்சல் வந்தது. வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி அடக்கினார்.

"நான்தான் தைச்சனான். நானே பிரிக்கிறன்."

தமிழில்தான் சொன்னார். பிளேடை எடுத்ததும் கிளேருக்குப் புரிந்தது. தைத்தது அத்தனை நெருக்கம். ஒவ்வொரு இழையாக அறுக்க அரைமணி நேரம் ஆனது. நடுவில் விரலை வெட்டிக்கொண்டார். பிளேடை என்னிடம் தரச் சொல்லிக் கை நீட்டினேன், தரவில்லை. ஓட்டைகள் திறந்ததும் கிளேர் காலணிகளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

இரண்டு நாள் அக்கா மெஷினைத் தொடவில்லை. சோறும் இறங்கவில்லை. "அந்தப் பிள்ளைக்கு நானெல்லோ பாதை போட்டுக் குடுத்திட்டன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் மத்தியானம் கிளேர் போன் செய்தாள். பிள்ளைக்கு மூச்சு சீராகிவிட்டது, பால் குடிக்கிறாள், நாளை வீட்டுக்கு விடுகிறார்கள். நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். மருந்துதான் காப்பாற்றியது என்று இன்றும் சொல்வேன். ஆனாலும் அழுதேன்.

அக்கா அழவில்லை. மிச்சத் தோலை எடுத்து வெட்ட ஆரம்பித்தார். குட்டியாக ஒரு ஜோடி காலணி. கிளேரின் பிள்ளைக்குத்தான் என்று நினைத்து, "ஓட்டை வைக்க மறந்துடாதீங்கக்கா" என்றேன்.

அக்கா அடித்தோலை இரட்டையாக மடித்து ஊசியை ஏற்றினார்.

"இது என்ர பிள்ளைக்கு. பதினாறு வருசமா அவன் எங்கயும் போகேல்லை கலா. வெறுங்காலோட என்ர வாசல்லயே நிக்கிறான். இந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இனி அவன் போகட்டும்."