அப்பாசியர்கள் மேல் சிந்திய கறி ஆணம்

அப்பாசியர்கள் ஐந்நூறு ஆண்டுகள் ஆண்டார்கள் என்பதை நான் சாகும்வரை மறக்கப் போவதில்லை. அவர்கள் மேல் கறி ஆணம் சிந்தியதை நேரில் பார்த்தவள் நான். குழம்பை எங்கள் பக்கத்தில் ஆணம் என்றுதான் சொல்வோம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. ஷார்ஜாவில், ரோலா கடைவீதிக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாம் மாடியில், இன்னொரு குடும்பத்தோடு பங்குபோட்ட வீட்டில் ஓர் அறை எங்களுடையது. அதே கட்டிடத்தின் நான்காம் மாடியில், உம்மாவின் தம்பியான என் மாமா வேறு ஐந்து பேரோடு ஒரே அறையில் இருந்தார். அவர் துணிக்கடை சேல்ஸ்மேன். மற்றவர்களில் ஒருவர் டிரைவர், ஒருவர் கட்டிடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர், ஒருவர் சூப்பர் மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர். அறையில் பாதிப்பேர் தொழுகிறவர்கள், மீதிப்பேர் சாமி படத்துக்குப் பத்தி கொளுத்துகிறவர்கள். சண்டை வந்ததெல்லாம் பாத்ரூமுக்காகத்தான்.

அந்த வருடம் நான் இஸ்லாமியப் பாடத்தில் இரண்டு பரீட்சை தோற்றிருந்தேன். கணக்கில் தோற்றிருந்தால் வாப்பா மன்னித்திருப்பார்கள். ஐந்து வேளையும் பள்ளிவாசலில் முன் வரிசையில் நிற்கிறவரின் மகள் இந்தப் பாடத்தில் தோற்பதை எங்கே போய்ச் சொல்வது? ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்கள்: "இந்த வருசம் இதுல கோட்ட விட்டா, உம்மாவும் நீயும் ஊர்ல போய் இருங்க. அங்கேயே படிச்சுக்கலாம்." வாப்பா கத்தியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். ஊருக்குப் போனால் வாப்பா இங்கேயே இருப்பார்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வந்து போவார்கள். என் வகுப்பிலேயே அப்படி இரண்டு பிள்ளைகள் நடுவருடத்தில் காணாமல் போயிருந்தார்கள்.

டீச்சர் கடைசியாக ஒரு வழி கொடுத்தார். முஸ்லிம் பேரரசுகளை வரிசையாக எழுதி, படம் வரைந்து ஒரு சார்ட் கொண்டுவர வேண்டும். அதற்கு நல்ல மார்க் கிடைத்தால் தப்பிக்கலாம். நான்கு சார்ட் தாள்களை ஒட்டி, இரண்டு வாரம் தரையில் கவிழ்ந்து கிடந்து செய்தேன். உமய்யாக்களுக்குப் பச்சை, அப்பாசியர்களுக்குக் கறுப்பு, பிறகு பாத்திமியர், அய்யூபிகள், மம்லூக்குகள், கடைசியில் சிவப்பில் உதுமானியர். எல்லாம் ஸ்கெட்ச் பேனா. தலைப்பை மட்டும் பெயிண்டர் அண்ணன் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் எழுதிக் காட்டினால் அச்சடித்தது மாதிரி வரைந்துவிடுவார். வியாழக்கிழமை சாயந்திரம் சார்ட்டை மேலே கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை அவர் எழுதி, காய்ந்ததும் சுருட்டித் தன் கட்டில்மேல் வைத்திருக்கிறார்.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற நாட்களில் அவரவர் டியூட்டி முடிந்த நேரத்தில் தட்டைப் போட்டுக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த பிறகு மட்டும் ஆறு பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். யாருடைய சமையல் முறையோ அவர்தான் தரையைத் துடைத்து, பழைய செய்தித்தாளை விரிக்க வேண்டும். அன்று சூப்பர் மார்க்கெட் அண்ணனின் முறை. நெய்ச்சோறும் கறி ஆணமும் ஆக்கியிருந்தார். இவ்வளவு நல்ல சாப்பாட்டுக்கு மை ஒட்டும் பேப்பரா என்று யோசித்தவர், கட்டில்மேல் இருந்த நீளமான வெள்ளைத் தாளைப் பார்த்தார். வெள்ளையான பக்கத்தை மேலே போட்டு, ஈரத்தரையில் விரித்துவிட்டார்.

நான் சார்ட்டை வாங்கப் போனபோது ஆறு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஆணச் சட்டி நடுவில் இருந்தது, பாதி ஆணம் தாளில் இருந்தது. ஓரம் மடங்கிய இடத்தில் என் பச்சை நிறம் தெரிந்தது. நான் போட்ட சத்தத்தில் ஆறு கைகளும் சோற்றோடு அப்படியே நின்றன. மாமா பதறிப்போய்ச் சட்டியைத் தூக்கி, தாளைப் புரட்டினார். உமய்யாக்களும் அப்பாசியர்களும் ஒன்றாகக் கலந்து தரை ஓட்டில் பதிந்திருந்தார்கள். பெயிண்டர் அண்ணனின் தலைப்பு மட்டும் எனாமல் பெயிண்ட் என்பதால் ஜம்மென்று இருந்தது.

"வெள்ளப் பேப்பரு கெடக்கேன்னு எடுத்தேன் தங்கச்சி" என்றார் சமைத்தவர். அவருக்கு அழுகையே வந்துவிட்டது. நான் விடவில்லை. நாளைக் காலையில் கொடுக்காவிட்டால் ஃபெயில், ஃபெயிலானால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கத்தினேன்.

"ஊருக்குப் போறதுக்கா பாப்பா இப்புடி அழுவுறே?" என்றார் பெயிண்டர் அண்ணன். அறையே சிரித்தது.

"வாப்பா வர மாட்டாங்க" என்றேன். "அவங்க இங்கேயே இருப்பாங்க."

யாரும் சிரிக்கவில்லை. என் வாப்பாவின் பெயரைக் கேட்டு எல்லாரும் பயந்துவிட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார்கள். பெயிண்ட் சிந்தாமல் தரையில் விரிக்கும் வெள்ளைத்தாள் சுருள் ஒன்றைப் பெயிண்டர் அண்ணன் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தார். நான் கீழே ஓடிப் புத்தகத்தையும் பேனாக்களையும் கொண்டுவந்தேன். ஆளுக்கு ஒரு அரச வம்சம் என்று மாமா பிரித்துக் கொடுத்தார். வாரம் முழுக்க வெயிலிலும் கடையிலும் நின்ற ஆறு பேர், தூங்கவேண்டிய ஒரே மத்தியானத்தில், முழங்காலில் நின்று கோடு போட்டார்கள்.

எழுதுகிறவர்கள் சும்மா எழுதவில்லை, கேள்வி கேட்டே என்னைக் கொன்றார்கள். அப்பாசியர்கள் ஆட்சியைப் பிடித்தபோது உமய்யா இளவரசன் ஒருவன் தப்பி ஓடி, ஸ்பெயினில் போய்ப் புதிதாக ஓர் அரசை உண்டாக்கினான் என்றேன். "எப்புடிப் போனான்? எந்த ரூட்டு?" என்று டிரைவர் அண்ணன் விடாமல் கேட்க, புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. மம்லூக்குகள் அந்நிய தேசத்திலிருந்து விலைக்கு வாங்கி வரப்பட்ட அடிமை வீரர்கள், பிறகு அவர்களே எகிப்தில் சுல்தான்களானார்கள் என்றபோது பெயிண்டர் அண்ணன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப அவனுக கபீல் என்ன ஆனாரு?"

ஆறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். விசாவுக்குப் பொறுப்பான அரபி முதலாளியைத்தான் கபீல் என்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. மம்லூக்குகளைத் தானே எழுதுவதாகப் பெயிண்டர் அண்ணன் பிடிவாதம் பிடித்து, மற்ற எல்லோரையும்விடப் பெரிய எழுத்தில் எழுதினார்.

நாலு மணிக்கு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுந்தார், செருப்பைத் தேடினார். உதுமானியரும் தலைப்பும் அப்படியே பாக்கி. எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"முடிச்சிட்டுப் போங்க" என்றேன், டீச்சர் சொல்லுகிற மாதிரியே.

"அண்ணே, நீங்க போயிட்டு வாங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்றார் மாமா. பெயிண்டர் அண்ணன் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தார். "இருக்கட்டும்ப்பா. அடுத்த வாரம் பேசிக்கலாம்."

மறுநாள் டீச்சர் சார்ட்டில் இருந்த ஆறு விதக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, இதை யார் எழுதியது என்று கேட்டார். எங்கள் வீட்டில் எழுதினோம் என்றேன். அவர் சார்ட்டைச் சுருட்டி வைத்துவிட்டு வாயால் சொல்லச் சொன்னார். ஒரு மத்தியானம் முழுக்க ஆறு பேருக்குப் பதில் சொன்னவளுக்கு அது ஒரு வேலையா? ஸ்பெயினுக்குப் போன ரூட் உட்பட எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பாஸானேன். பள்ளிப் படிப்பு முடியும்வரை வாப்பாவும் உம்மாவும் நானும் ஒரே அறையில் இருந்தோம். வாப்பா டியூட்டி முடிந்து கதவைத் தட்டும் சத்தத்தை ஒவ்வொரு நாளும் கேட்டு வளர்ந்தேன். என் வாழ்க்கையில் கிடைத்த பெரிய செல்வம் அதுதான். அதைத் தந்தவர்கள் அந்த ஆறு பேர். அவர்களுக்காக இன்றும் துஆ செய்கிறேன்.

அந்த நாலு மணி விஷயம் என் கல்யாணத்தின்போது மாமா சொல்லித்தான் தெரிந்தது. பெயிண்டர் அண்ணன் வீட்டில் அப்போது போன் கிடையாதாம். அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்தில், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த நேரத்துக்கு அவருடைய மகள் போன் இருக்கிற வீட்டுக்கு வந்து காத்திருப்பாளாம். அவளுக்கும் அப்போது ஒன்பது வயது. அன்று போன் வரும் வரும் என்று, அந்த வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தும்வரை உட்கார்ந்திருந்தாளாம்.