வளையல் போடும் கை

அரியலூர் கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு வளையல் கடை இருந்தது. ஆறடி அகலம்தான் இருக்கும். மூன்று சுவரிலும் கண்ணாடி வளையல், நடுவில் ஒரு ஸ்டூல். சரக்கெடுக்கப் போவது என் கணவர். வரும் பெண்களுக்கு வளையல் போட்டுவிடுவது நான். எழுபதுகளின் கடைசியில் அவர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார்.

கருமாதியன்று என் கை வளையல்களை உடைத்தார்கள். அவையும் எங்கள் கடைச் சரக்குதான். உடைத்த பெண்களில் பாதிப் பேர் எங்கள் கடைக்கு வாடிக்கை.

மூன்று மாதம் கழித்துக் கடையைத் திறந்தேன். வந்தவர்கள் ரிப்பன் வாங்கினார்கள், சாந்து வாங்கினார்கள். வளையலை மட்டும், "வூட்ல போயி போட்டுக்கறோம்" என்று காகிதத்தில் சுற்றிக்கொண்டு போனார்கள். ஸ்டூலில் ஒருத்தியும் உட்காரவில்லை. தாலியறுத்தவள் கை படக்கூடாதாம். அந்த வளையலை எடுத்துக் கொடுத்தது மட்டும் யார் கையென்று நினைத்தார்களோ!

தா.பழூரிலிருந்து அண்ணன் வந்தார். "அண்ணிய முன்னால ஒக்கார வச்சுக்கம்மா. நீ உள்ளாற இருந்து எடுத்துக் குடு. இல்லன்னா கடைய மூடிட்டு நம்மூட்டுக்கு வந்துடு. ஒனக்கு ஒரு வாய் சோறு போட மாட்டனா?" என்றார். அவர் நல்லவர். எனக்கு அதுதான் சங்கடமே.

ஒத்துக்கொண்டேன். அந்தப் புத்திகெட்ட வேலையை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. ஏழு மாதம் என் கடையில் நானே ஒரு துணித் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். துணைக்கு வந்து என்னோடு இருந்த அண்ணி தங்கமானவள், ஆனால் வளையலுக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. திரைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

வியாபாரம் என்னவோ பழையபடி நடந்தது. ஆனாலும் காலையில் கடைக்குக் கிளம்பக் கால் வரவில்லை. ஏனென்று யோசித்துப் பார்த்தேன். சோற்றுக்காக என்றால் அண்ணன் வீட்டிலேயே இருந்துவிடலாம். நான் கடைக்கு ஓடி ஓடி வந்தது வேறு ஒன்றுக்காக. கையைப் பார்த்ததுமே அளவு எனக்குத் தெரிந்துவிடும். சோப்புத் தண்ணீர் தொட்டு, கட்டைவிரலை உள்ளே மடக்கி, விரல் முட்டிகளைக் குவித்துப் பிடித்தால், வளையல் ஒரு இடத்தில் முரண்டு பிடிக்கும். அங்கே அவசரப்படக் கூடாது. கொஞ்சம் திருப்பினால் சட்டென்று வழுக்கி மணிக்கட்டில் போய் விழும். அந்த ஒரு நொடிதான் எனக்குக் கூலி. அதைத்தான் ஊருக்குப் பயந்து நானே தூக்கிக் கொடுத்திருந்தேன்.

அந்த மாசியில் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து பஸ் ஏறி ஒரு மாமியார், வளைகாப்புக்கு அளவு பார்க்கத் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்த தன் மருமகளை அழைத்து வந்தாள். பெண்ணுக்குக் கை நன்றாக வீங்கியிருந்தது. அண்ணி அழுத்திப் போட்டதில் இரண்டு வளையல் உடைந்து, புறங்கையில் ரத்தம் வந்துவிட்டது. பெண் "அம்மா" என்று அலறியதும் நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

"எந்திரிங்க அண்ணி."

அவள் இடத்தில் உட்கார்ந்து அந்தக் கையை மடியில் வாங்கிக்கொண்டேன். ஒன்பது பச்சை வளையல். ஒரு கீறல் இல்லை. பெண் கையை ஆட்டிப் பார்த்துச் சிரித்தாள். அப்போதுதான் மாமியார் என் வெறுங்கையையும் நெற்றியையும் பார்த்தாள்.

"அடிப்பாவி! நீயா போட்ட? கழட்டுடி மொதல்ல!"

"கழட்ட வராதுங்க. கை வீங்கிக் கெடக்கு. வேணும்னா ஒடைக்கலாம்" என்றேன். "வாயும் வயிறுமா இருக்கற புள்ள கையில வளையல ஒடைப்பீங்களா? ஒடைங்க, பாக்கறேன்."

அவளால் எப்படி முடியும்? எந்தக் கையில் வளையலை உடைப்பார்கள் என்று அவளுக்கும் தெரியும். திட்டிக்கொண்டே மருமகளை இழுத்துக்கொண்டு போனாள். தெருக்கோடிவரை அந்த ஒன்பது வளையலும் குலுங்கின.

பேச்சு தா.பழூர்வரைக்கும் போய்விட்டது. மறுநாள் அண்ணியை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகக் கடை திறந்தேன். முதல் வேலையாகத் திரையைப் பிடுங்கித் தரை துடைத்தேன். பிறகு ஸ்டூலில் நானே உட்கார்ந்தேன். வலது கையால் இடது கைக்கு ஒரு டஜன் போட்டுக்கொண்டேன். அது சுலபம். பழக்கமில்லாத இடது கையால் வலது கைக்குப் போடுவதுதான் பெரும்பாடு. அரை மணி நேரம் ஆயிற்று. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று கையை வெயிலில் நீட்டிக்கொண்டேன்.

மதியம் வரை ஒருவரும் கடை ஏறவில்லை. மதிய பஸ்ஸில் அண்ணன் பெரிய பூட்டு ஒன்றோடு வந்து இறங்கினார். என் கைகளைப் பார்த்தவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"யாரும்மா ஒனக்கு இத போட்டுவுட்டது?"

"நாந்தான்" என்றேன். "ரெண்டு கையிலயும் ஒண்ணுகூட ஒடையலண்ணே."