ஒரு குழந்தைக்கு ஒரு ஓட்டு

ஐம்பதை நெருங்கும் ஒருவன் மூன்று வயதுக் குழந்தைக்கான பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தால், முழங்கால் காதுப் பக்கம் வந்துவிடும். அப்படி உட்கார்ந்து ஒரு பொதுக்குழுவை நடத்த வேண்டுமானால், கம்பீரத்தைச் செருப்போடு வாசலிலேயே விட்டுவிடுவது நல்லது. அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

நீலசந்திராவில் ஒரு மாவு மில்லுக்கு மேலே, வாடகைக்கு எடுத்த இரண்டு அறைகளில் எங்கள் பாலர் பள்ளி நடக்கிறது. லாபம் கிடையாது, முதலாளி கிடையாது. சம்பளத்துக்கு இருப்பவர்கள் ஒரு டீச்சர், சமையலுக்கு ஓர் அக்கா. மற்ற வேலைக்கெல்லாம் பெற்றோர்கள்தான். இதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் ‘முறை’. மாதத்தில் ஒரு நாள், ஒவ்வொரு குழந்தைக்கும் வீட்டிலிருந்து ஒருவர் வந்து, காய் நறுக்கி, மூக்குத் துடைத்து, கதை சொல்லி, கழிப்பறை வாசலில் காவல் நிற்க வேண்டும். தாய்மார்கள் வேலை முடிந்து திரும்பும்வரை குழந்தைகள் இங்கேதான் இருப்பார்கள்.

என் மகள் எங்களுக்குத் தாமதமாகப் பிறந்தவள். முதல் நாள் என்னைப் பார்த்ததும் சமையல் அக்கா, “பாப்பா, தாத்தா வந்துட்டார் பாரு” என்றார். கணக்குப்படி அவர் சொன்னதில் பெரிய தவறில்லை. அதற்கு முன்னால் பிரேசர் டவுனில் ஒரு பெரிய பள்ளிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனோம். குழந்தை தேறிவிட்டாள், நாங்கள்தான் தேறவில்லை. அப்படித்தான் மாவு மில் மாடிக்கு வந்து சேர்ந்தோம். வந்த முதல் கூட்டத்திலேயே யாரோ எழுதிய அறிக்கையில் ஒரு வாக்கியத்தைத் திருத்தினேன். உடனே என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள்.

வாழ்க்கையில் சட்டம் எழுத எனக்குக் கிடைத்த ஒரே வாய்ப்பு அது. பட்டினி கிடந்தவன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி எழுதித் தள்ளினேன். ஒரு குழந்தைக்கு ஒரு முறை, ஒரு குழந்தைக்கு ஒரு ஓட்டு. ஓட்டுச் சமமாக வந்தால் பழையபடியே நடக்கும். இவற்றோடு நான் ரொம்பப் பெருமைப்பட்ட விதி ஒன்றும் உண்டு: யாரும் தன் முறையை இன்னொருவர் தலையில் கட்டக் கூடாது. அந்த மாதத்துக்குள் நாளை மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கார் வைத்திருந்த ஓர் அம்மா, தன் முறைக்கு வீட்டுவேலை செய்யும் பெண்ணை அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணின் குழந்தையும் எங்களிடம்தான் இருந்தது. ஆக, அவருக்கு இரண்டு முறை, எஜமானிக்குச் சூனியம். அதைப் பார்த்துக் கொதித்துப்போய் எழுதிய விதி அது.

அதுவரை ஒரு வீட்டுக்கு ஒரு குழந்தைதான் வந்துகொண்டிருந்தது. உலகத்தில் இரட்டையர்களும் பிறப்பார்கள் என்பது சட்டம் எழுதியவனுக்குத் தோன்றவில்லை.

அந்த இரட்டையர்களின் அம்மா ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறார். கம்பெனி வண்டி மெயின் ரோட்டில் வந்து ஏற்றிக்கொண்டு போகும். கணவர் பெயின்ட் வேலைக்கு வெளியூர் போனால் எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. இரண்டு பையன்கள், அதனால் இரண்டு முறை, இரண்டு நாள் லீவு. அந்த மாதம் ஒரு முறை முடிந்துவிட்டது. இன்னொன்றைத் தள்ளித் தள்ளி, மாதத்தின் கடைசி நாளான செவ்வாய்க்கிழமைக்குக் கொண்டுவந்து விட்டிருந்தார். அதற்கு மேல் தள்ள என் விதியில் இடமில்லை. இன்னொரு நாள் லீவு போட்டால் அப்படியே நின்றுவிடு என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். முறைக்கு வராவிட்டால் இங்கே பையன்களுக்கு இடம் போய்விடும்.

“செவ்வாக்கெழமைக்கு இன்னா பண்றது ணா?” என்று போனில் கேட்டார்.

“ஞாயித்துக்கெழம கூட்டத்துல முடிவாகிடும்மா” என்றேன்.

காரணம் இருந்தது. அதுவரை எங்களுக்கு வாடகை கொடுத்து உதவிய வேறொரு கம்பெனி கையை விரித்துவிட்டது. ஓர் அறக்கட்டளை முன்வந்தது. வாடகையையும் சம்பளத்தையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஒரே ஒரு நிபந்தனை, பள்ளி நடக்கும் நேரத்தில் பெற்றோர்கள் உள்ளே வரக் கூடாது. மறுநாளிலிருந்தே பயிற்சி பெற்ற ஆட்களை அவர்களே போடுவார்கள், கேமராவும் வரும். பாதுகாப்புக்காக என்றார்கள். ஒப்புக்கொண்டால் முறை என்பதே இல்லை. அந்த அம்மாவின் செவ்வாய்க்கிழமை மறைந்துவிடும். மறுத்தால் அவர் வேலை போகும். அறையில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும்.

அறக்கட்டளையிலிருந்து வந்திருந்த பெண், சமையலறையிலிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, மடியில் லேப்டாப்போடு பின்னால் உட்கார்ந்திருந்தார். எங்களில் நாகரிகமான உயரத்தில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

முதலில் பேசியவர் ஒரு மென்பொருள்காரர். “பேரன்ட்ஸ் உள்ள இருக்கறதுதாங்க இந்த சென்டரோட ஆன்மாவே. அத எடுத்துட்டா இது இன்னொரு பிளே ஸ்கூல், அவ்ளோதான்.”

“ஆன்மா சரி சார்” என்றார் தையற்கடை பாய். “பில்டிங் ஓனர் அத வாடகையா வாங்கிக்குவாரா?”

“நாம எல்லாரும் கொஞ்சம் எக்ஸ்ட்ரா போட்டா...”

“எல்லாரும்னா யாரு? நீங்களா, நானா?”

“பாய், நான் காசப் பத்திப் பேசல.”

“காசு இருக்கறவங்க அதப் பத்திப் பேசமாட்டாங்க சார்.”

சிரிப்பு வந்தது. ஆனால் பாதியில் நின்றுவிட்டது. சமையல் அக்கா கதவில் சாய்ந்துகொண்டு, “ஞாயித்துக்கெழமதான் இந்தப் பேச்செல்லாம். மத்த நாள்ல வெங்காயம் உரிக்க வாங்கன்னா ஒருத்தரையும் காணோம்” என்றார். அவருக்கு ஓட்டு இல்லை, குரல் உண்டு. மில்லர்ஸ் ரோடு பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் கன்னடக்கார அம்மா பொறுமை இழந்துவிட்டார். “சும்னெ மாதாட்பேடி. ஓட்டு ஹாக்ரி” என்றார். பேசியது போதும், ஓட்டுப் போடுங்கள் என்று அர்த்தம்.

கை தூக்கச் சொன்னேன். அறக்கட்டளை வேண்டும் என்பவர்கள் பன்னிரண்டு. வேண்டாம் என்பவர்கள், என்னையும் சேர்த்து, பன்னிரண்டு. யாரோ பேனாவோடு தூக்கிய கையை இரண்டாக எண்ணிவிட்டேனோ என்று இன்னொரு தடவை எண்ணினேன். அதே பன்னிரண்டு.

இரட்டையர்களின் அம்மா இன்னும் கையைத் தூக்கவில்லை. சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலருகே நின்றிருந்தார். எல்லோரும் திரும்பினோம். அவரிடம் இரண்டு ஓட்டு. அவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் பள்ளி. அவர் எந்தப் பக்கம் போவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அறக்கட்டளைக்கு நன்றிக் கடிதத்தை மனதுக்குள் எழுதவே ஆரம்பித்துவிட்டேன். அவருடைய வேலைக்கு எதிராக என் கை ஏற்கெனவே உயர்ந்து இறங்கியிருந்ததால், அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

“ரெண்டு ஓட்டையும் ஒரே பக்கந்தான் போடணுமா ணா?”

விதிகளைப் புரட்டினேன். “அப்படி ஒண்ணும் இல்லம்மா.”

“அப்ப பெரியவன் ஓட்ட வேணும்னு போட்டுக்கோங்க. அவனுக்கு யார் இருந்தா இன்னா, சோறு இருந்தா போதும். சின்னவன் ஓட்டு வேணாம்.”

பாய்தான் முதலில் பேசினார். “யோசிச்சுச் சொல்லும்மா. சமமா வந்தா பழையபடிதான். செவ்வாக்கெழம உன் முறை.”

“தெரியும் பாய். இவன் டீச்சர்கிட்ட ஒரு வார்த்த பேசமாட்டான். ஊட்லயும் எங்கிட்ட மட்டுந்தான். ஆனா உங்க ஊட்டம்மா முறைக்கு வந்தா மட்டும் வாய் மூடமாட்டான், டீச்சரக் கேளுங்க. அவங்கள வெளிய நிறுத்திட்டா இவன் யார்கிட்ட பேசுவான்?”

மென்பொருள்காரர் தாழ்ந்த குரலில், “உங்க வேலை போயிடுமேங்க” என்றார்.

“போவும். அதுக்குத்தான் ஒரு ஓட்டு போட்டேன்ல.”

பதின்மூன்றுக்குப் பதின்மூன்று என்று அறிவித்தேன். பின்னாலிருந்து அறக்கட்டளைப் பெண் கேட்டார். “ரிஜெக்டட்னு போடட்டுமா சார், டை ஆயிடுச்சுன்னு போடட்டுமா?”

“ரெண்டுக்கும் கிடைக்கப்போறது ஒண்ணுதானேம்மா.”

அவர் தலையசைத்து ஏதோ தட்டினார். ஸ்டூலை மறக்காமல் சமையலறையில் வைத்துவிட்டுப் போனார். அவர் கொஞ்சம் கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. “செக்ரட்டரி சார்” என்றார் பாய். “முறைய இன்னொருத்தர் எடுக்கக் கூடாதுன்னு எழுதினது யாரு?”

“நான்தான்.”

“நல்லா கெட்டியாத்தான் தெச்சிருக்கீங்க. போட்டுக்கத்தான் முடியல.”

“வசதி உள்ளவங்க தப்பிச்சுடக் கூடாதுன்னு...”

“அவங்க எங்க மாட்டினாங்க? மாட்டினது இவதான். ஒண்ணு பண்ணுங்க. வேணாம்னு கை தூக்கினவங்க இவ முறைய எடுத்துக்கட்டும். ஆன்மாவுக்கும் ஆள் வேணும்ல.”

வேண்டாம் என்று கை தூக்கியிருந்தவர்கள் எல்லோரும் போனை எடுத்துச் செவ்வாய்க்கிழமையைத் தேடினார்கள். ஜெபக் கூட்டம் மாதிரி இருந்தது, அத்தனை தலையும் குனிந்து. மென்பொருள்காரருக்கு அன்று ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ். நர்ஸ் அம்மாவுக்கு அந்த வாரம் முழுக்க டே டியூட்டி. எனக்கு ஒன்றுமில்லை. பத்திரிகைக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவனுக்குச் செவ்வாய்க்கும் சனிக்கும் வித்தியாசம் கிடையாது. கையைத் தூக்கினேன். தியாகம் ஒன்றும் இல்லை. வேறு கை எதுவும் எழும்பவில்லை.

“இனாமா வேணாம் ணா” என்றார் இரட்டையர்களின் அம்மா. “அடுத்த ஞாயித்துக்கெழம வந்து ரெண்டு ரூமையும் கழுவி விட்டுடறேன். அதையும் எழுதிக்கோங்க.”

விதியை அங்கேயே திருத்தினோம். முடியாதவர் முறையை மனமிருப்பவர் எடுக்கலாம். முடியாதவர் ஞாயிற்றுக்கிழமை கழுவிவிடலாம். எல்லாக் கையும் உயர்ந்தது. நான் எண்ணவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் பையன்களை என்னிடம் விட்டுவிட்டு, வண்டியைப் பிடிக்க ஓடினார். நான் ஊரார் மூக்கையெல்லாம் துடைப்பதைப் பார்த்த என் மகள் அழுது தீர்த்துவிட்டாள். பெரியவன் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். அடுத்த மாத வாடகைக்கு என்ன செய்வது என்று வெங்காயம் உரித்துக்கொண்டே யோசித்தேன். இன்றுவரை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். சின்னவன் கொஞ்ச தூரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். யானைக் கதை சொன்னேன், பல்லி மாதிரி கத்திக் காட்டினேன். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. என் வாசகர்களில் சிலர் இப்படித்தான், பழக்கம் உண்டு.

மதிய இடைவேளையில் கம்பெனியிலிருந்து போன் வந்தது. பின்னால் மெஷின் சத்தம்.

“பேசினானா ணா?”

“இல்லம்மா. ஒரு வார்த்த கூட இல்ல.”

“சரி. நாளைக்கு பாயம்மா முறை” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.