ஆயுத பூஜை அன்று அடித்த ஒரு டிக்

விஜயதசமி அன்று காலையில் என் மைத்துனி விமலாவிடமிருந்து போன். பண்டிகை வாழ்த்து சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, சுண்டல் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"மாமா, கம்ப்யூட்டர் போச்சு" என்றாள்.

எந்தக் குடும்பமாக இருந்தாலும் சொந்தக்காரர்களில் ஒருத்தனைச் சம்பளமில்லாத கம்ப்யூட்டர் மெக்கானிக்காக நேர்ந்து விட்டிருப்பார்கள். எங்கள் குடும்பத்தில் அது நான். பிரின்டர் மக்கர் பண்ணினாலும் கூப்பிடுவார்கள், வாட்ஸ்அப்பில் போட்டோ இறங்காவிட்டாலும் கூப்பிடுவார்கள். பாதி கேஸ்களுக்கு ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவதுதான் என் வைத்தியம். ஆனால் அன்றைக்கு விமலாவின் குரல்... அது ஆஃப் பண்ணி ஆன் பண்ணுகிற கேஸ் மாதிரித் தெரியவில்லை.

விமலா பம்மலில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி பட்டறை வைத்திருக்கிறாள். ஊசிகள் வரிசையாக நிற்கும் ஒரு பெரிய மெஷின், அதற்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர். டிசைனை வரைந்து, ஊசி எங்கே குத்த வேண்டும், எந்த இடத்தில் நூலை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு தையலாகச் சொல்லிக் கொடுப்பதற்கு 'பஞ்சிங்' என்று பெயர். ஒரு மயிலுக்கு இரண்டு மூன்று நாள் கூட ஆகும். அப்படி விமலா வருஷக்கணக்காக உட்கார்ந்து செய்த டிசைன்கள் எல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டரில். அந்தப் பஞ்சிங் சாஃப்ட்வேர் பழைய விண்டோஸில்தான் ஓடும் என்பதால் கம்ப்யூட்டரை மாற்றவும் முடியாது.

மாடம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினேன். வழியெல்லாம் கடை வாசல்களில் உடைத்த பூசணிக்காய். வழுக்கி விழாமல் பம்மல் போய்ச் சேர்ந்ததே ஒரு சாதனைதான்.

பட்டறையில் மெஷினுக்கும் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். எல்லாம் லட்சணமாக இருந்தது. மானிட்டரில் மட்டும் கறுப்புத் திரையில் வெள்ளையாக இரண்டு வரி ஆங்கிலம். 'பூட் மேனேஜர் சுருக்கப்பட்டிருக்கிறது. கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் அழுத்தி மறுபடி தொடங்கவும்.' அழுத்தினால்? திரும்பவும் அதே இரண்டு வரி. காலையிலிருந்து அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள், பாவம்.

நடந்தது இதுதான். விமலாவின் கணவர் சேகர், அதாவது என் சகலை, ஆயுத பூஜை அன்று காலையில் கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறார். டிஸ்க்கில் இடமில்லை என்று சிவப்புக் கோடு காட்டியிருக்கிறது. அதன் ப்ராப்பர்டீஸில் போய்ப் பார்த்தால், 'இடத்தை மிச்சப்படுத்த இந்த டிரைவைச் சுருக்கு' என்று ஒரு சின்னக் கட்டம். டிக் அடித்துவிட்டார். அது மெதுவாக ஓட ஆரம்பித்தது. கரன்ட் வீணாக வேண்டாமே என்று மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு, பொரி, கடலை, வாழைக்கன்று வாங்க பஜாருக்குப் போய்விட்டார்.

அந்த நேரத்தில் விமலா ஈரத் துணியோடு வந்திருக்கிறாள். பூஜைக்கு முன்னால் எல்லாவற்றையும் துடைக்க வேண்டுமே! மானிட்டர் இருட்டாக இருந்ததால் கம்ப்யூட்டர் அணைந்திருக்கிறது என்று நினைத்தாள். ஷாக் அடிக்கக் கூடாது என்று ப்ளக்கைப் பிடுங்கினாள். துடைத்தாள், பொட்டு வைத்தாள், பூப் போட்டாள். பூஜை போட்ட கருவியை மறுநாள் வரை தொடக் கூடாது. ஆகவே, பாதி சுருங்கிய டிஸ்க் ஒரு நாள் முழுக்கத் தெய்வமாக உட்கார்ந்திருந்தது.

"நான் இன்னா தப்பு பண்ணேன்ணா? எடம் கம்மியா கீதுன்னு அதுவே சொல்லிச்சு, கீழ அதுவே ஒரு வழியும் காட்டிச்சு" என்றார் சேகர். நியாயமான கேள்விதான். உலகத்தில் பாதி விபத்துகள் இப்படிப் பக்கத்திலேயே வழி காட்டும் கட்டங்களால்தான் வருகின்றன.

திரையில் சொன்ன பூட் மேனேஜர் என்பது கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது முதலில் படிக்கும் ஒரு சின்ன ஃபைல். சுருக்கும் வேலை அதையும் சேர்த்துச் சுருக்கிவிட்டது. சுருக்கியதை விரிக்கத் தெரிந்த விண்டோஸோ அந்த ஃபைல் எழுப்பினால்தான் எழும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிய கதை.

அதுவரைக்கும் எனக்குப் பெரிய கவலை இல்லை. இந்தப் பூட்டைத் திறக்க வழி உண்டு. ஆனால், டிஸ்க்கில் சுருக்கி எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் ப்ளக்கைப் பிடுங்கியிருக்கிறார்களே... உள்ளே எது முழுசாக இருக்கிறது, எது பாதியில் நின்றிருக்கிறது? அது யாருக்குத் தெரியும்?

விமலா ஒரு ஜாக்கெட் துணியை எடுத்து என் முன்னால் விரித்தாள். ஐப்பசி முதல் முகூர்த்தத்துக் கல்யாணப் பெண்ணுடையது. முதுகில் ஜரிகையில் ஜோடி மயில் முடிந்திருந்தது. கைகள் இரண்டும் வெறுமையாக இருந்தன. கைக்கான டிசைன் கம்ப்யூட்டரில் மட்டும்தான். டிசைனை மெஷினுக்குக் கொண்டு போகும் பென் டிரைவில் வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். மெஷினில் ஏற்றிய உடனே அழித்துவிடுவாளாம், அடுத்த டிசைனுக்கு இடம் வேண்டும் என்று. கைக்கு இன்னும் ஏற்றவே இல்லை.

"அந்தப் பொண்ணு டெய்லி போன் பண்ணிக் கேக்குது மாமா. நான் என்ன சொல்றது?" என்று கேட்டாள்.

என்னிடம் விண்டோஸுக்குப் பதிலாகப் பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ் ஒன்று எப்போதும் இருக்கும். அதைச் செருகி, டிஸ்க்கைத் தொடாமல் கம்ப்யூட்டரை எழுப்பினேன். இந்த மாதிரி நேரத்தில் முதல் விதி, எதையும் ரிப்பேர் பண்ணாதே, முதலில் காப்பி எடு. கொண்டு போயிருந்த வெளி ஹார்டு டிஸ்க்குக்கு விமலாவின் டிசைன் ஃபோல்டரை அனுப்பினேன். கோடு நகர்ந்தது... நின்றது... மறுபடி நகர்ந்தது. மூன்று பேரும் கோவிலில் திரை விலகக் காத்திருப்பது போல நின்றுகொண்டிருந்தோம்.

எல்லாம் வந்துவிட்டது. எம்பிராய்டரி ஃபைலைப் படமாகக் காட்டும் ஒரு லினக்ஸ் சாஃப்ட்வேரில் கை டிசைனைத் திறந்தேன். திரை முழுக்கத் தோகை! ஒரு தையல் குறையவில்லை. அப்பாடா என்று நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். விமலா அழுதாள். சேகர் டீ வாங்கப் போனார்.

அப்புறம் பழைய விண்டோஸ் டிவிடியைப் போட்டு அந்த முதல் ஃபைலை மட்டும் புதிதாக வைத்தேன். கம்ப்யூட்டர் எழுந்தது. இடம் எங்கேதான் போயிற்று என்று பார்த்தால், அவர்கள் வீட்டுக் கிரகப்பிரவேச வீடியோ. 'நியூ' என்று ஒன்று, 'நியூ ஃபைனல்' என்று ஒன்று, 'ஒரிஜினல்' என்று ஒன்று. மூன்றும் ஒன்றே. இதில் வேடிக்கை என்னவென்றால், வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்ட சரக்கு. அதை இன்னும் சுருக்குவது, பிழிந்த துணியைத் திரும்பப் பிழிவது மாதிரி. கைதான் வலிக்கும். அந்தக் கிழட்டு கம்ப்யூட்டர் இவ்வளவு பாடுபட்டும் மிச்சமான இடம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முழு டிரைவையும் சுருக்காதீர்கள். தேவையில்லாததை வெளியே நகர்த்துங்கள். எங்கே நகர்த்துவது, எந்த ஃபார்மட்டில், அதாவது ஃபைல்களை அடுக்கும் எந்த முறையில்? சேகர் புதிதாக வாங்கிய பெரிய பென் டிரைவ் எக்ஸ்ஃபேட் என்ற புது ஃபார்மட்டில் வந்தது. எம்பிராய்டரி மெஷின் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் பழைய ஃபேட் 32 மட்டும்தான். அதனால் மெஷினுக்கு அந்தச் சின்ன பழைய பென் டிரைவே போதும். பெரிய வீடியோவை ஃபேட் 32 ஏற்காது. ஆகவே காப்பி வைக்கும் டிஸ்க்குக்கு என்டிஎஃப்எஸ். பழைய விண்டோஸும் படிக்கும், திடீரென்று கரன்ட் போனாலும் எக்ஸ்ஃபேட்டைவிடத் தாங்கும். பம்மலில் கரன்ட் எப்போது போகும் என்று யார் கண்டது? புதியதா பழையதா என்று பார்க்காதீர்கள். யார் படிக்கப் போகிறார்கள் என்று பாருங்கள்.

மத்தியானம் மெஷின் ஓட ஆரம்பித்தது. ஜாக்கெட்டின் வலது கையில் முதல் தோகைக் கண் விழுந்தது. விமலா அதை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு மெல்லச் சேகர் பக்கம் திரும்பினாள்.

"இனிமே இதுல கை வெக்கறதா இருந்தா என்ன ஒரு வார்த்த கேளு."

"நீ ப்ளக்க புடுங்கும்போது என்ன கேட்டியா?" என்றார் சேகர்.

காலையிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவ்வளவு பயந்திருக்கிறார்கள். இப்போது கிரகப்பிரவேசத்தில் யார் யாரை மதிக்கவில்லை என்பது வரைக்கும் போய்விட்டது. நான் சத்தம் போடாமல் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டேன்.

புருஷன் பெண்டாட்டி சண்டை போடத் துணிந்துவிட்டார்கள் என்றால், டேட்டா பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம்!