இரண்டு டிஸ்க்கும் ஒரு சாவி வளையமும்

லிஃப்ட் மெக்கானிக்கான அவருக்கு வேலையிடத்தில் ‘ஸ்பேர்’ என்றுதான் பெயர். எதிலும் இரண்டு வைத்திருப்பார்: இரண்டு டார்ச், இரண்டு மூக்குக்கண்ணாடி, வெயில் கொளுத்தும்போதும் பையில் இரண்டு குடை. “ஒத்தக் கயித்துல லிஃப்ட் தொங்குமா?” என்று கேட்டு எல்லார் வாயையும் அடைத்துவிடுவார். வீட்டுச் சாவியும் இரண்டுதான். ஆனால் மகானுபாவர் இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்து, வளையத்தோடு தொலைத்தார். கொட்டும் மழையில் வாசலில் நின்றவள் மனைவி. புதுப் பூட்டின் சாவிகளும் இப்போது ஒரே வளையத்தில்தான் தொங்குகின்றன.

மனைவி எம்பிராய்டரி மெஷினுக்கு டிசைன் வரைகிறவள். வருடக்கணக்காகக் கண் எரிய வரைந்த பூவும் கொடியும் பழைய கம்ப்யூட்டரில் இருந்தன. புதியதில் இரண்டு டிஸ்க் போட்டு, லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றித் தருவதாக இவர் மார்தட்டினார். பழையதை அழித்து வாங்கிப்போக மனைவியின் தம்பி வந்து உட்கார்ந்திருந்தான்.

இன்ஸ்டால் செய்யும்போதே டிஸ்க்குகளைத் துண்டு போட்டார். ஒரு துண்டில் எழுதுவது இன்னொன்றிலும் பதியும்படி இரண்டு துண்டுகளை ‘ரெய்டு’ என்ற முறையில் ஜோடி சேர்த்தார். அதன்மேல் இடத்தைப் பங்கிட்டுத் தரும் எல்விஎம்மை வைத்து, டிசைன்களுக்குக் கொஞ்ச இடம் கொடுத்து, மிச்சத்தைப் பின்னால் கூட்டிக்கொள்ள ஒதுக்கிவைத்தார். டிசைன்களும் ஏறின.

“மாமா, பழசை அழிச்சிடலாமா?” என்றான் தம்பி.

“இருடா,” என்றாள் மனைவி. “ஏங்க, ஒரு டிஸ்க் செத்தா?”

“இன்னொண்ணு இருக்கே! எதை வேணா கழட்டிப் பாரு.”

கம்ப்யூட்டரை அணைத்து ஒரு டிஸ்க்கின் ஒயரை உருவினாள். மறுபடி போட்டதும் ஜம்மென்று ஓடியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“சரி, இப்ப மத்ததைக் கழட்டுறேன்.”

“அதான் பாத்தாச்சே!”

அவள் கேட்கிற ஆளா? முதல் ஒயரை மாட்டி, மற்றதை உருவினாள். திரை கறுப்பாகவே நின்றது. அவர் ஒயரை மாட்டி, ஜோடியைத் திறந்து பார்த்தார். சேர்ந்திருந்த இரண்டு துண்டுகளும் ஒரே டிஸ்க்கினுடையவை! அவள் முதலில் கழற்றிய டிஸ்க் வெட்டியாகக் கிடந்தது.

“நீ நாளைக்கு வாடா,” என்று மனைவி தம்பியை அனுப்பிவைத்தாள்.

அவர் எல்லாவற்றையும் கலைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார். டிஸ்க்குக்கு ஒரு துண்டாக ஜோடி சேர்த்தார். கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும் நிரலையும் இரண்டிலும் பதித்து, பழையதிலிருந்து டிசைன்களை மறுபடி ஏற்றினார். இந்த முறை அவள் எதை உருவினாலும் பூவும் கொடியும் வந்து நின்றன.

அவர் மெல்ல எழுந்து, ஆணியில் தொங்கிய வளையத்தை எடுத்தார். நகம் உடைய ஒரு சாவியைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

அவள் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இப்பதாங்க நம்மகிட்ட ரெண்டு சாவி இருக்கு.”