வூட்டுப் பக்கம்னா தள்றேன்

ஊரடங்கில் வேறு வேலையில்லாமல் எங்கள் வீட்டுப் பழைய பிக்கப் வண்டியை நானே பிரித்து மாட்டினேன். ஓடுகிறதா என்று பார்க்க அதியமான்கோட்டை வரை வந்தபோது ஒரு போலீஸ்காரர் மறித்தார். முகக்கவசத்துக்கு இரு பக்கமும் மீசை நீட்டிக்கொண்டிருந்தது. அதை முறுக்கிவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

"இன்ஜினை ஆஃப் பண்ணுங்க."

"பண்ணா மறுபடி ஸ்டார்ட் ஆவாதுங்க சார்."

முறைத்தார். அணைத்தேன். என் வாக்கை வண்டி காப்பாற்றியது.

பறிமுதல்தான் என்று நினைத்தேன். அவரோ மீசையை முறுக்கினார். "ஸ்டியரிங்க ஒடிச்சுத் திருப்புங்க. வூட்டுப் பக்கம்னா தள்றேன். டவுன் பக்கம்னா தள்ள மாட்டேன்."

லத்தியை வண்டியின் பின்தட்டில் போட்டுவிட்டு, மூச்சிரைக்கத் தள்ளினார். வண்டி உறுமியது. "நிறுத்தாம போங்க!" என்று கத்தினார்.

நிறுத்தாமல் வந்துவிட்டேன். வீட்டில் இறங்கிப் பார்த்தால் லத்தி வண்டியிலேயே கிடக்கிறது.

அன்றைக்கு மற்ற வண்டிகளை எதைக் காட்டி மறித்தாரோ! மீசையைத்தான் காட்டியிருப்பார்.